கோமாதா வழிபாடும் நோயுற்ற பசுவும்

பசுவின் உடலில் தேவர்கள் அனைவரும் உறைகின்றனர் என்பது சைவ மக்களின் நம்பிக்கை. பதுளை, பசறை, ஹாலிஎல, நமுனுகுல பகுதித் தோட்டங்களில் மாட்டுப்பொங்கலன்று பட்டியைக் கழுவி, கொம்புக்குச் சாயம் பூசி, மாலையிட்டு வணங்குகின்றனர். ஆனால் அந்தப் பசு தொற்றுநோய் கண்டிருந்தால் வழிபாடு எவ்விதம் அமைய வேண்டும்?

கடல் கடந்த ஓர் ஆச்சிரமத்தில் இவ்வினா நீதிமன்றம் வரை சென்றது. இலங்கையில் பிறந்த குரு சுப்பிரமணியம் பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் நிறுவிய ஸ்கந்தவேல் ஆச்சிரமத்திலே ஷம்போ என்ற காளை வளர்ந்தது. 2007ஆம் ஆண்டு பரிசோதனையில் அதற்கு மாட்டுக் காசநோய்த் தொற்று தென்பட்டது. கொல்ல வேண்டும் என்றது அரசு, துறவிகள் மறுத்தனர். உயர் நீதிமன்றம் துறவிகளின் பக்கம் நின்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. யூலை 26ஆம் திகதி, அடியார்கள் பூசையில் இருக்கையிலேயே பொலிசார் உட்புகுந்தனர். காளை கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டது. அது தர்மமா என்பதில் இருவேறு கருத்துண்டு. ஆயினும் அத்துறவிகள் காளையைத் தனியே பிரித்து வைத்தே அதன் உயிருக்காக வாதாடினர் என்பது கவனிக்கத்தக்கது.

ஊவா மலைத் தோட்டத்தில் சிக்கல் வேறு. கால்வாய் நோய் கண்ட மாட்டைக் கொல்லும்படி இங்கு எவரும் வருவதில்லை. ஆனால் அந்நோயின் கிருமி எச்சிலில் மட்டுமன்றி, கயிறு, வாளி, புல்லுக்கட்டு, செருப்பு ஆகியவற்றிலும் பயணஞ் செய்யும். லயத்தையொட்டிப் பட்டிகள் நெருங்கி நிற்குமிடத்தில் பீலித் தண்ணீரும் ஒன்று, புல்லறுக்கும் சரிவும் ஒன்று. 2020இல் இலங்கையின் வடக்கில் முதன்முதலாகக் காணப்பட்ட தோல் கழலை நோயோ ஈ, நுளம்பு வழியாகவும் பரவுவது.

கொழுந்துச் சம்பளம் போதாத மாதத்தில் கடைக்கணக்கைத் தீர்ப்பது பால் காசுதான். நோய் என்று சொன்னால் அக்காசு நிற்கும். ஆகவே வாய் திறவாதிருக்கவும், இரவோடிரவாக மாட்டை வியாபாரிக்கு விற்றுவிடவும் மனம் தூண்டும். அவ்வாறு செய்பவரைப் பாவி என்று ஒதுக்குவது சுலபம். அவர் வீட்டு அடுப்பையும் பார்க்க வேண்டும். எனினும் அந்த மாடு போய்ச் சேரும் பட்டியிலும் ஓர் ஏழையின் ஒரே பசு நிற்கலாம். அதன் நாக்கு வெந்து புண்ணாகும்போது அந்த வேதனை யாருடைய கணக்கில் சேரும்? தன் பசுவைத் தெய்வமென்றும் அயலார் பசுவை வெறும் மாடென்றும் காண்பது கோபூசையாகாது.

பிரித்து வைத்தலென்பது மலையோரத்து மழையிலும் குளிரிலும் கட்டிவிடுவதன்று. வாயில் புண்ணுள்ள மாடு மேயாது; கஞ்சியும் இளம்புல்லும் கொடுக்க வேண்டும். சேற்றில் நின்றால் குளம்புப் புண்ணில் புழு வைக்கும். காய்ந்த தரை வேண்டும். நல்ல மாடுகளைக் கவனித்த பின்னரே அதனிடம் சென்று, கைகால் கழுவித் திரும்ப வேண்டும். அரச கால்நடை வைத்தியருக்கு அன்றே அறிவித்தால் அயல் மாடுகளுக்குத் தடுப்பூசி போட வழி பிறக்கும்.

நோய் பரவும் காலத்தில் மாடுகளை ஆலய முன்றலில் கூட்டாமல், அவரவர் பட்டியிலேயே பூசை செய்தால் குறையேதுமில்லை. குருக்களும் பட்டி பட்டியாகச் செல்லாது, தீர்த்தத்தை வீட்டாரிடம் கொடுத்தனுப்பலாம். இனி, உண்மையைச் சொல்லிப் பாலை நிறுத்திய வீட்டுக்கு, நோய் தீரும் வரை அயலவர் கைகொடுப்பார்களா என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு விடையில்லாத வரை, இன்று சொன்னவர் நட்டப்படுவார். நாளை சொல்ல வேண்டியவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.