இடி விழுந்து இறந்தவர் பாவியா?

 

கோடை மழையானாலும் ஐப்பசி மழையானாலும், நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் நடவு வயலிலும் மல்லாட்டைக் கொல்லையிலும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இடி இறங்குகிறது. யாராவது இறந்துவிட்டால், "என்ன பாவம் செய்தாரோ?" என்று சிலர் பேசுகிறார்கள். இப்படிப் பேசலாமா?

மின்னல் எப்படி உண்டாகிறது?

காய்ந்த தலைமுடியை பிளாஸ்டிக் சீப்பால் வாரிவிட்டு, காகிதத் துணுக்குகள் அருகே காட்டுங்கள். அவை தாவி ஒட்டிக்கொள்ளும். உரசும்போது எலக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடம் மாறுகின்றன. பெற்ற பொருளில் எதிர் மின்னூட்டம், இழந்ததில் நேர் மின்னூட்டம். இது பாயாமல் தேங்கி நிற்பதால் நிலை மின்சாரம் என்கிறோம்.

மேகத்திலும் பனித்துகளும் சிறு ஆலங்கட்டியும் மோதி மின்னூட்டம் பிரிகிறது. பெரும்பாலும் மேகத்தின் அடியில் எதிர் மின்னூட்டம் சேர, அதன் கீழுள்ள தரையில் நேர் மின்னூட்டம் திரள்கிறது. இடையிலுள்ள காற்றால் தடுக்க முடியாதபோது மின்னல் பாய்கிறது. அந்தப் பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி வெடித்து விரிவதே இடி முழக்கம்.

மின்னல் பெரும்பாலும் உயர்ந்து நிற்பதன் மீதே இறங்கும். பனைமரம், செல்போன் டவர், நம் பள்ளிவாசல் மினாரா எதுவும் விலக்கல்ல. வெட்டவெளி வயலிலோ, உயரமாக நிற்பது கூலிக்கு வந்த மனிதர்தான். இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் மின்னலால் இறக்கிறார்கள். மாடியில் இடிதாங்கி வைத்திருப்பவர் அவர்களைவிட நல்லவர் என்று சொல்ல முடியுமா?

குர்ஆனின் 13ஆவது அத்தியாயத்துக்கு 'அர்ரஃது', அதாவது இடி என்றே பெயர். அல்லாஹ் நாடியவரையே இடி தாக்கும் என்பது நம் ஈமான். ஆனால் ஏன் நாடினான் என்ற அறிவு நமக்குத் தரப்படவில்லை. நீரில் மூழ்கியும் இடிபாட்டில் சிக்கியும் இறக்கும் முஃமின்களை ஷஹீத்களில் சேர்த்தார்கள் நபி (ஸல்) அவர்கள். அப்படியிருக்க, விபத்தில் இறந்தவருக்குத் தீர்ப்பு எழுத நாம் யார்?

ஒதுங்குவது தவக்குலுக்கு எதிரானதா?

"விதி இருந்தால் நடக்கும்" என்று வயலிலேயே நிற்போரும் உண்டு. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள்.

ஆகவே இடிச் சத்தம் கேட்டால் மரத்தடியில் நிற்காதீர்கள். கான்கிரீட் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். நிலம் வைத்திருப்போரே! வானம் கறுத்ததும் ஆட்களைக் கரையேற்றுங்கள். அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். கூலி போய்விடும் என்ற பயத்தில் ஒருவர் வயலில் நின்று இறந்தால், அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வோம்?

மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்காது, தைரியமாகத் தொடலாம். 108க்கு அழையுங்கள். மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே நடுநெஞ்சை விடாமல் அழுத்திக் கொடுங்கள். "என்ன பாவமோ" என்று பேசி நிற்கும் நிமிடங்களில், காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர் போய்விடும். அந்தப் பாவம் யாருடையது?

அடுத்தவர் உயிரை அமானிதமாகக் கருதும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.