நடந்து போன பிள்ளைகள்

பள்ளிப் பேருந்தின் முன்பக்க மட்கார்டுகளுக்குக் கருப்பு பெயின்ட் அடிக்க வேண்டும் என்று ஒரு சட்டமன்றம் கூடி முடிவெடுத்திருக்கிறது. அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் நடந்தது இது. நெடுங்காலம் வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஓடிய பேருந்தைக் கருப்பினப் பிள்ளைகளுக்கும் விட்டே தீரவேண்டிய நிலை வந்தபோது, உள்ளே இருப்பவர்கள் யார் என்பது தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று செய்த ஏற்பாடு. அந்த வண்டியில் ஏறிய ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கருப்பு என்ன சொல்லிக்கொடுத்திருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இதை எழுதிவைத்தவர் ஜிம்மி கார்ட்டர். 1977 முதல் 1981 வரை அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்தவர். அவருடைய முதல் பொதுப்பதவி சம்டர் கவுண்டியின் பள்ளி வாரிய உறுப்பினர். கவுண்டி என்றால் நம்மூர்த் தாலுகா போல ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே பள்ளிக்கூடத்தை எங்கே கட்டுவது, எந்தச் சாலையில் பேருந்தை விடுவது, பழைய பாடப்புத்தகங்களை என்ன செய்வது என்பதையெல்லாம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அந்த மேசைக்கு அவர் வந்தது 1955-ல்.

1975-ல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறார். வெள்ளைப் பிள்ளைகள் பேருந்தில் போகிறார்கள், கருப்பினப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள் என்பதே வாரியத்தில் உட்கார்ந்து பல மாதம் ஆன பிறகுதான் தமக்கு உறைத்தது என்கிறார். அவர் வெளியூர்க்காரர் அல்ல. அந்த மண்ணில் பிறந்தவர். ஆர்ச்சரி என்ற சிற்றூரில் கருப்பினச் சிறுவர்களோடு மீன்பிடித்து, பருத்திக்காட்டில் வேலை செய்து வளர்ந்தவர். அந்தச் செம்மண் சாலைகளில் நாளும் வண்டி ஓட்டிப் போனவர். சாலையோரம் சட்டையில் தூசி படிய நடந்த பிள்ளைகளை ஆயிரம் முறை கடந்திருப்பார். கண்ணில் பட்டது, மனசில் படவில்லை.

இந்த வாக்குமூலத்தைப் படித்த நாளிலிருந்து என்னால் அவரை வெறுக்கவும் முடியவில்லை, எளிதாக மன்னிக்கவும் முடியவில்லை. நான் கடந்துபோகும் சாலைகளில் யார் நடக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கியது மட்டும் நடந்திருக்கிறது.

கண்ணில் பட்டது மனசில் படாமல் போனதற்கு அவருடைய சிறுவயதிலேயே ஒரு விதை இருக்கிறது. பதினான்கு வயதுவாக்கில் ஒருநாள் இரண்டு கருப்பினத் தோழர்களோடு மேய்ச்சல் நிலத்துப் படலை நோக்கி நடந்தபோது, அவர்கள் படலைத் திறந்து, ஓரடி பின்வாங்கி நின்று, இவரை முன்னே போகவிட்டார்கள். அதுவரை தோளோடு தோளாக ஓடியவர்கள். இடறிவிழ வைக்க ஏதோ கயிறு கட்டியிருக்கிறார்கள், விளையாட்டு என்றே அவர் முதலில் நினைத்தாராம். வெள்ளைக்காரப் பையனுக்கு இனி வழிவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கலாம் என்பது பின்னால்தான் புரிந்தது. முதுமை வரை அந்தப் படல் அவரை விடவில்லை. ஆனால் அன்று அவர் தாண்டிப் போய்விட்டார்.

1953-ல் தந்தை புற்றுநோயில் இறந்தபோது கார்ட்டர் கடற்படையில் அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்தில் இருந்தார். வேலையை உதறிவிட்டு ப்ளெய்ன்ஸ் என்ற தன் சின்னச் சொந்த ஊருக்குத் திரும்பினார். மனைவி ரோசலினுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. விதையும் உரமும் கடனுக்குக் கொடுத்து, அறுவடையில் கடலையை வாங்கும் மண்டிதான் குடும்பத் தொழில். வறட்சி, முதல் ஆண்டு லாபம் 200 டாலர்கூட இல்லை. தந்தை பள்ளி வாரியத்திலும் இருந்தவர். இரண்டு ஆண்டில் அந்த நாற்காலியும் மகனுக்கு வந்தது.

வந்த நேரம் சாதாரண நேரமில்லை. 1954 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று பிரவுன் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. தெற்கு முழுவதும் கொதித்தது. பழைய பாரபட்சத்தைக் காப்பதற்கான முதல் மதில் பள்ளி வாரியம்தான். வாரியத்தார் பள்ளிகளைச் சுற்றிப்பார்க்கப் போனார்கள். கருப்பினப் பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகள் படித்துக் கிழித்த புத்தகங்கள். வளர்ந்த பையன்கள் குழந்தைகளுக்கான சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பள்ளிகளை மேற்பார்வை செய்யும் வாரியத்தின் உறுப்பினர் என்ற பொறுப்போடு அவர் அதைப் பார்த்தார்.

பார்த்த உடனே மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். நடந்தது அப்படியல்ல. 1956-ல் கருப்பினப் பிள்ளைகளுக்கான தொடக்கப்பள்ளி ஒன்றுக்குத் தேர்ந்த இடத்தை வெள்ளையர்கள் எதிர்த்தார்கள். தங்கள் தெருவழியே அந்தப் பிள்ளைகள் நடந்துபோவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வேலையை நிறுத்தி வேறு இடம் தேடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் கார்ட்டர். அதே காலத்தில் பக்கத்தில் இருந்த கொய்னோனியா பண்ணையில் வெள்ளையரும் கருப்பினத்தவரும் ஒன்றாக உழைத்து வாழ்ந்தார்கள் என்பதற்காகவே அவர்கள்மீது துப்பாக்கிச் சூடும் குண்டுவீச்சும் நடந்தன. அவர்களுக்காக ஊர் நடுவே எழுந்து நின்றவர்களில் கார்ட்டர் இல்லை.

ஆனால் நிறப்பிரிவினையைக் காக்கவென்றே தொடங்கிய வெள்ளைக் குடிமக்கள் மன்றத்தில் சேரச்சொல்லி ஊர்க்காரர்கள் வந்தபோது மறுத்துவிட்டார். சந்தா வெறும் 5 டாலர். அதையும் நாங்களே கட்டிவிடுகிறோம் என்றார்கள். அப்போதும் மறுத்தார். ப்ளெய்ன்ஸில் சேராத ஒரே வெள்ளைக்காரர் அவர்தான். சில காலம் மண்டிக்கு வாடிக்கையாளர்கள் வரவில்லை. கோழைத்தனமும் துணிவும் ஒரே ஆளுக்குள், ஒரே சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து இருந்திருக்கின்றன. சின்ன ஊரில் பதவி வகிப்பவருக்கு எதிராளி என்று தனியாக ஒருவர் இல்லை. காலையில் உரம் வாங்க வருபவர், ஞாயிற்றுக்கிழமை பக்கத்து இருக்கையில் ஜெபிப்பவர், தங்கை வீட்டுக்காரர் என்று எல்லாம் தெரிந்த முகங்கள்.

1961 வாக்கில் வாரியத்தின் தலைவரானார். கவுண்டியின் சிறுசிறு வெள்ளைப் பள்ளிகளை அமெரிகஸ் நகரப் பள்ளிகளோடு சேர்த்துவிட்டால் அறிவியல் கூடமும் நல்ல ஆசிரியர்களும் கிடைக்கும் என்று ஒரு திட்டம் போட்டார். இதில் கருப்பினப் பள்ளிகள் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் பெரிய பள்ளி வந்தால் நாளை எல்லா நிறத்தாரையும் சேர்க்க வழியாகிவிடும் என்று ஊர் மிரண்டது. ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அது அவருடைய முதல் பிரசாரம், தோற்றார். மக்கள் வாக்கெடுப்பில் கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில்தான். அவருடைய சொந்த ஊரே எதிர்த்து வாக்களித்தது. மண்டிக் கதவில் அவரையும் கருப்பினத்தவரையும் சேர்த்து இழிவுபடுத்தி ஓர் அட்டை தொங்கியது.

1962 அக்டோபர் 1. அன்று அவருக்கு 38 வயது நிறைந்தது. காலையில் வேலை உடையை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை போடும் காற்சட்டையைப் போட்டுக்கொண்டார். எங்கே கிளம்புகிறீர்கள் என்று ரோசலின் கேட்டார். மாநில செனட்டுக்கு நிற்கப் போகிறேன், பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்க அமெரிகஸ் போகிறேன் என்றார். மனைவியிடம்கூட முன்பே சொல்லவில்லை. கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலுக்கு இருந்தது 15 நாள். அன்றைய ஜார்ஜியாவில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானால் பாதிக் கிணறு அல்ல, முழுக் கிணறே தாண்டியது போல. எதிரே ஹோமர் மூர் என்ற வியாபாரி. ஏழு கவுண்டிகள், மண்டி வேலை முடிந்த நேரத்தில் கைகுலுக்கிக்கொண்டே சுற்றினார்.

அக்டோபர் 16 அன்று க்விட்மன் கவுண்டியின் ஜார்ஜ்டவுனில் அவர் பார்க்க வேண்டியதைப் பார்த்தார். அந்த ஊர் ஜோ ஹர்ஸ்ட் என்ற ஒருவருடைய கைக்குள் இருந்தது. மறைப்பு எதுவும் இல்லாமல் மேசைமேல் வைத்துத்தான் ஓட்டுப்போட வேண்டும். கார்ட்டர் பெயரை அடித்துவிடு என்று வாக்காளர்களிடம் அவர் நேராகவே சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டுப்பெட்டி மேலே துளையிட்ட ஓர் அட்டைப்பெட்டி. வயதான ஒரு தம்பதி போட்ட சீட்டுகளை அந்தத் துளைக்குள் கையைவிட்டு வெளியே எடுத்து, அவர்கள் முன்னாலேயே கிழித்துப்போட்டுவிட்டு வேறு சீட்டுகளைப் போட்டார் ஹர்ஸ்ட். கார்ட்டரின் நண்பர் ஜான் போப் இதையெல்லாம் நின்று பார்த்தார்.

கார்ட்டர் தோற்றதாக அறிவித்தார்கள். அவர் விடவில்லை. அட்லாண்டாவிலிருந்து சார்ல்ஸ் கிர்போ என்ற வழக்கறிஞர் வந்தார். ‘அட்லாண்டா ஜர்னல்’ நிருபர் ஜான் பென்னிங்டன் ஊரைத் துருவி எழுதினார். செத்தவர்களும் சிறையில் இருந்தவர்களும் அகரவரிசையில் வந்து வாக்களித்ததாகப் பதிவாகியிருந்தது. பெட்டியைத் திறந்தபோது நூறுக்கும் மேற்பட்ட சீட்டுகள் ஒன்றாகச் சுருட்டியபடியே கிடந்தன. வாக்களித்தவர்கள் 333 பேர். பெட்டிக்குள் இருந்த சீட்டுகள் 420. நீதிபதி கார்ல் குரோ அந்தப் பெட்டியையே தள்ளுபடி செய்தார். கார்ட்டர் 65 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

தன்மேல் விழுந்த அநியாயத்தை அவர் அன்று கண்டார். ஆனால் அந்தக் கவுண்டிகளில் பெட்டி பக்கமே வரமுடியாமல் இருந்தவர்கள் எத்தனை பேர்! பெயர் பதியப் போகும் கருப்பினத்தவர்களை மடக்குவதற்கென்றே ஜார்ஜியா சட்டத்தில் 30 கேள்விகள் இருந்தன. பள்ளி வாரிய உறுப்பினர்களை நியமித்த ‘கிராண்ட் ஜூரி’ என்ற நீதிமன்றக் குழுவும் வெள்ளையர் அவைதான். நடந்துபோன பிள்ளையின் அப்பா அந்த மேசைக்கு யாரையும் அனுப்ப முடியாது, அங்கே இருப்பவர் யாரையும் இறக்கவும் முடியாது. அந்தப் பிள்ளைக்குப் பேருந்து இல்லாதது ஏன் கார்ட்டருக்கு உறைக்கவில்லை என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான்: யாருடைய தலையை எண்ணவேண்டிய தேவை இல்லையோ அவருடைய காலும் கண்ணில் படுவதில்லை. பேருந்துக்கும் ஓட்டுப்பெட்டிக்கும் நடுவே இருந்தது ஒரே சாலை. கருணை உள்ளவர்கள் அந்த மேசையில் முன்பும் இருந்திருப்பார்கள். கருணைக்குக் கண் திறக்கப் பல மாதம், சில சமயம் ஒரு தலைமுறை ஆகிறது. கணக்கில் வருகிறவர் காத்திருக்க வேண்டியதில்லை.

செனட்டில் அவர் பேசிய முதல் பேச்சே அந்த 30 கேள்விகளை ஒழிக்கவேண்டும் என்பதுதான். பள்ளி வாரியத்தில் ஏழு ஆண்டில் அவர் கற்றுக்கொண்டது அங்கே வெளிவந்தது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகும் பாதை நேராக இல்லை. 1966-ல் கவர்னர் தேர்தலில் தோற்றார். 1970-ல் ஜெயிப்பதற்காக, நிறவெறியர்களின் வாக்கையும் வளைக்கும் விதமாகப் பிரசாரம் செய்தார். அந்தக் கறையைத் துடைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. 1971 ஜனவரியில் பதவியேற்ற மேடையிலேயே, நிறம் பார்த்து ஒதுக்கும் காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். அவருக்கு ஓட்டுப்போட்டவர்களில் பலர் ஏமாந்துபோனார்கள்.

ஜனாதிபதி பதவிக்குப் பிறகான நாற்பது ஆண்டுகளில் அவர் எதைத் தேடிப் போனார் என்று பாருங்கள். 1989-ல் பனாமாவில் ராணுவ ஆட்சியாளர் நோரியேகாவின் ஆட்கள் தேர்தல் முடிவைத் திருத்தியபோது, நீங்கள் நேர்மையானவர்களா திருடர்களா என்று தமக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில் அதிகாரிகளைப் பார்த்துக் கத்தினார். அவர் தொடங்கிய கார்ட்டர் மையம் நூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களைக் கண்காணித்திருக்கிறது. ஒரு நாட்டையே ஆண்டவர், 1992-ல், 1962-ம் ஆண்டு மாநில செனட் தேர்தலைப் பற்றி மட்டும் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அந்த அட்டைப்பெட்டியின் துளை அவர் கண்ணைவிட்டு அகலவே இல்லை.

2024 அக்டோபர் 1-ல் அவருக்கு நூறு வயது நிறைந்தது. அப்போது மனைவி போய் ஓராண்டு ஆகவிருந்தது. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக, சிகிச்சைகளை நிறுத்திவிட்டு ப்ளெய்ன்ஸ் வீட்டில் படுக்கையில் இருந்தார். ஜனாதிபதித் தேர்தலில் நின்ற கமலா ஹாரிஸுக்கு ஓட்டுப்போடவே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று மகனிடம் சொல்லியிருந்தார். அக்டோபர் 16 அன்று அவர் தபால் வழியே வாக்களித்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஜார்ஜ்டவுன் பெட்டிக்குள் ஹர்ஸ்ட் கையைவிட்ட அதே தேதி, 62 ஆண்டு கழித்து. ஹாரிஸின் தந்தை ஜமைக்காவிலிருந்து வந்த கருப்பினத்தவர், தாய் ஷியாமளா சென்னைக்காரர். கலிபோர்னியாவின் பெர்க்லியில், எல்லா நிறப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்த்துப் படிக்கவைக்கும் திட்டத்தின்கீழ், நகரின் இன்னொரு பகுதியில் இருந்த பள்ளிக்குச் சிறுமி கமலா போய்வந்தது பேருந்தில்.