யானையின் பொழுது

ஐப்பசியில் முதுமலை பச்சைப் பசேல் என்றிருக்கும். தெப்பக்காட்டுப் பக்கம் சாலையோரம் ஒரு யானை தென்பட்டால் போதும், வண்டிகள் வரிசையாக நின்றுவிடும். செல்பேசிகள் ஜன்னல் வழியே நீளும். படம் எடுத்தா யானைக்கு என்ன நஷ்டம் என்பார்கள். படத்தால் ஒன்றுமில்லைதான். ஆனா அது ரோட்டைத் தாண்டித் தண்ணிக்குப் போக இருந்தது. குறைவது அதன் வழியும் பொழுதும்.

1972-ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்தில் விலங்கைச் சீண்டக் கூடாது. சும்மா நின்னு பார்த்தது சீண்டலா? காதை விரித்து இரண்டடி முன்னே வைத்தால் யானை பதில் சொல்லிவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன். (அந்தக் கோபப் படத்துக்குத்தான் லைக்கும் அதிகம்.)

மா. கிருஷ்ணன் (1912–1996) முதுமலை யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். கேமராவைக்கூடத் தானே பல பாகங்களைச் சேர்த்து அமைத்துக்கொண்டார். காட்டில் நடந்தார், வனத்துறை யானைமேல் ஏறிப் போனார். யானை தன்பாட்டுக்கு மேய்வதே அவருக்குப் படமாகப் போதுமானதாக இருந்தது.

எங்க விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யக் களிமண் கூழை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணியை உறிஞ்ச, உள்ளே உருவம் திரளும். ஒரே அச்சில் பல யானைகள் வரும், எல்லாம் ஒரே மாதிரி. அதில் தப்பில்லை, மண்ணுக்கு எங்கேயும் போக வேண்டிய அவசரமில்லை. காட்டுக்குப் போகிறவர் தலைக்குள்ளும் இப்படி ஓர் அச்சு இருக்கிறது: தும்பிக்கை தூக்கி, நேரே பார்க்கும் யானை. முதுகைக் காட்டி மேய்கிற யானை அதில் அடங்காது. அப்போதுதான் ஹாரன் அடிக்கிறார்கள்.