ஓரியூர் மணலும் ஒரு பழைய வழக்கும்

1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் கிறிஸ்தவத் துறவி அருளானந்தரின் தலை விழுந்தது மதத்துக்காகவா, அரண்மனைக் குடும்பச் சண்டைக்காகவா என்ற கேள்வி பழையது. அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மறவர் தலைவர் தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அவர்களில் ஒருத்தி மறவர் சீமை அரசர் கிழவன் சேதுபதியின் உறவுக்காரி. அவள் முறையிட்டாள், சேதுபதி சினந்தார். ஆகவே இது வெறும் அரசியல் கொலை என்பார்கள். காரணம் சரி, முடிவு தவறு. மறவர் சீமையில் திருமண உறவே அதிகாரத்தைப் பிணைத்த கயிறு. அதைத் தொடாத விசுவாசத்தை எந்த அரசரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார். ஏரோதின் திருமணத்தைக் கண்டித்த திருமுழுக்கு யோவானும் இப்படித்தான் தலையிழந்தார். அவரை வேதசாட்சி அல்ல என்று யார் சொல்கிறார்கள்?

ரோமின் சந்தேகம் வேறு. லிஸ்பனில் பிறந்தவர் காவி உடுத்தி, புலால் விட்டு, பண்டாரசாமியாகத் திரிந்தது சரியா? அது பட்டத்துக்குத் தடையல்ல என்று திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் சொல்ல 1741 ஆயிற்று. புனிதர் பட்டமோ 1947-இல்தான். மக்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. குருதி தோய்ந்ததென்று ஓரியூர்ச் செம்மணலை அள்ளிப் போனார்கள். அந்த நிறத்துக்கு மண்ணியல் காரணம் சொல்லலாம், சொல்லட்டும். அவர் அறிந்தே செத்தார் என்பதற்குச் சான்று மணல் அல்ல. முந்தைய நாள் சிறையில் மையில்லாமல் கரியைக் குழைத்து அவர் எழுதிய கடிதம்.