கயிறு யார் கையில்?

நெல்லையிலிருந்து கிழக்கே செல்லும் சாலையில் புதுக்கோட்டையைக் கடந்தால், சாலை சென்று முடிவது தூத்துக்குடியிலே. துறைமுகமும் உப்பளமும் பனிமய மாதா பேராலயமும் கொண்ட ஊர் அது. அங்கிருந்து தெற்கே நீள்வது, முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற கடற்கரை. அந்தி சாய்ந்ததும் அக்கரையின் வீடுகளிலே பிஞ்சுக் கைகள் குவிகின்றன. நெற்றியிலே சிலுவை அடையாளம், நாவிலே செபம். காவல் சம்மனசு அருகே நிற்கிறது, இருளிலே பிசாசு காத்திருக்கிறது, செபம் சொன்ன பிள்ளையை அது தீண்டாது. இதுவே குழந்தைக்குப் புகட்டப்படும் பாடம்.

இப்பாடத்தைப் புகட்டுவது அறமா? இதுவே நமது கேள்வி. கடவுள் உண்டா, இல்லையா என்ற வழக்கை இன்று ஒத்திவைப்போம். கணவன் கடலிலே, காற்றோ வெறியிலே. குழந்தையை மடியிலிட்டுச் செபம் சொல்லும் தாயை நாம் எள்ளி நகையாட மாட்டோம். தன்னிடம் இருப்பதை அவள் தருகிறாள். அதைத் தவிர வேறெதையும் அவளிடம் விட்டுவைக்காத ஏற்பாட்டை நோக்கியே நாம் வினவுகிறோம்.

வரலாற்றைப் புரட்டுவோம். 1536, 1537-ஆம் ஆண்டுகளில் இக்கரைப் பரதவர் ஆயிரமாயிரமாய்க் கிறித்தவராயினர். முத்து வணிகத்திலே மூண்ட பூசலில், அவர்களுக்குப் போர்த்துக்கீசியரின் கப்பற்படை துணையாகத் தேவைப்பட்டது. முதலில் வந்தது பீரங்கியின் பாதுகாப்பு. சம்மனசின் பாதுகாப்பு அதன் பின்னேதான் வந்தது!

1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். கையிலே மணியை ஏந்தித் தெருத்தெருவாக ஒலித்துச் சென்று சிறுவரைத் திரட்டினார். தமிழில் பெயர்க்கப்பட்ட செபங்களை மனப்பாடம் செய்வித்தார். 1544 சனவரியில் அவர் எழுதிய மடல் இதையெல்லாம் விவரிக்கிறது. நோயாளிகள் பலர் அழைத்தபோது, எல்லா வீட்டிற்கும் தாமே செல்ல இயலாமையால், செபமறிந்த சிறுவர்களை அனுப்பிவைத்தார். பழைய உருவங்களை வணங்கிய பெற்றோரைப்பற்றிப் பிள்ளைகளே வந்து சொன்னார்கள், உருவங்களை உடைத்தார்கள். அதையும் அவர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார்.

எண்ணிப்பாருங்கள், தோழர்களே! காய்ச்சலில் துடிப்பவன் படுக்கையருகே ஒரு சிறுவன். நோயாளி பிழைத்தால் புகழ் செபத்திற்கு. மடிந்தால் பழி எங்கே செல்லும்? ‘நான் சரியாகச் சொல்லவில்லையோ? என் நம்பிக்கை குறைந்துவிட்டதோ?’ என்று அந்தப் பிஞ்சு நெஞ்சு தன்னையே குத்திக்கொள்ளாதா? காப்பாற்றும் என்று வாக்களித்தவர் தப்பிவிடுகிறார். நம்பிய குழந்தை குற்றவாளியாகிறது. பாதுகாப்பின் பெயரால் நடக்கும் கொடுமை இதுதான்.

அதே சவேரியாரின் மற்றொரு செயலையும் மறைக்காமல் சொல்வோம். 1544 சூனில், வடுகப் படையினருக்கு அஞ்சிய தென்கரை மக்கள் குமரிமுனைப் பாறைகளில் ஒண்டிக்கிடந்தனர். பசியும் தாகமும் அவர்களை வாட்டின. மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவோடு புறப்பட்டார் அவர். எதிர்க்காற்று தடுத்தது, தரைவழியே நடந்து சென்றார். பசித்தவனுக்குச் சம்மனசு உணவு கொண்டுவரும் என்று அவர் காத்திருக்கவில்லையே! அந்தச் சவேரியாருக்கு நாம் தலைவணங்குவோம். குழந்தைகளுக்கு அவரைப்பற்றிச் சொல்ல வேண்டிய கதையும் இதுவே.

முத்துக்குளிப்பில் ‘கடல்கட்டி’ என்றொருவன் உண்டு. மந்திரத்தால் சுறாமீனின் வாயைக் கட்டுபவன் என்று பெயர். இலங்கையில் அதிகாரியாயிருந்த எமர்சன் டென்னன்ட், 19-ஆம் நூற்றாண்டில், வளைகுடாவின் மறுகரை முத்துக்குளிப்பைக் காணச் சென்றார். கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் அப்போது கத்தோலிக்கர், அவருக்கோ உடல்நலமில்லை. மாற்றாள் ஒருவரை அனுப்பியிருந்தார். அந்த மாற்றாள், தமக்கு மந்திரம் தெரியாது, ஆனாலும் தலைவரின் பிரதிநிதி என்பதால் சுறாக்கள் தம்மை மதிக்கும் என்று கூறினாராம்! சுறாவின் வாயைக் கட்டுபவரால் தம் நோயைக் கட்ட முடியவில்லை. மதம் மாறியது; மந்திரம் மாறவில்லை. அச்சம் இருக்கும் இடமெல்லாம் அதற்கு மருந்து விற்பவரும் இருப்பார்.

ஆனால், கடலுள் மூழ்கிய குளியாளி தன் உயிரை எதனிடம் ஒப்படைத்தான்? இடுப்பிலோ காலிலோ பூண்ட கயிற்றிடம்! அந்தக் கயிற்றின் மறுமுனையை மைத்துனன் கையிலே கொடுப்பதே வழக்கம் என்று மரபு சொல்லும். உடன்பிறந்தாள் கைம்பெண்ணாவதை எந்த அண்ணனும் தம்பியும் பொறுக்கமாட்டான் என்பது கணக்கு. கரையிலே செபம், தோணியிலே கடல்கட்டி, எல்லாம் இருந்தும் கயிறு மட்டும் மனிதன் கையில்! படிப்பறியாத குளியாளி கண்ட பகுத்தறிவு இது. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்து முடிந்தது; அந்தப் பாடம் முடியவில்லை.

2004 டிசம்பர் 26. கிறித்துமசுக்கு மறுநாள் காலை. வேளாங்கண்ணிக் கரையிலே திருத்தலம் நாடிவந்த மக்கள் திரண்டிருந்தபோது ஆழிப்பேரலை பாய்ந்தது. மாண்ட குழந்தைகளில் எந்தக் குழந்தையின் செபம் குறைந்தது? கேட்கவே நா கூசுகிறது. இந்தியப் பெருங்கடலில் அன்று எச்சரிக்கை அமைப்பு இல்லை, அதுவே குறை. ஐதராபாத்தில் 2007 அக்டோபரில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. மைத்துனன் கையின் நீட்சியே அந்த மையம்!

கிறித்தவத் தோழர்கள் சினவாதிருக்கட்டும். அவர்களுடைய நூலையே சான்றுக்கு அழைக்கிறோம். மத்தேயு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில், கோவில் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று வேதவாக்கியத்தையே காட்டி ஆசைகாட்டுவது யார்? பிசாசு! மறுப்பவர் யார்? இயேசு! சம்மனசின் பாதுகாப்பைப் பந்தயமாக்காதே என்பதே அதன் பொருள். அதைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தால் நமக்கு என்ன வழக்கு?

இறுதியாக நம் வீட்டிற்கு வருவோம். நாமும் சிலை உடைத்தவர்கள்தாமே, 1953-இல் பிள்ளையார் சிலைகளை உடைத்தது நம் இயக்கம்தானே, அன்றைய சிறுவர் உடைத்ததைக் குறைகூற நமக்கென்ன தகுதி என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நமது விடை: எண்ணித் துணிந்து, விளைவை ஏற்று உடைப்பது வேறு; ஏனென்று கேட்கத் தெரியுமுன் பிள்ளையை ஏவிவிடுவது வேறு. ‘கடவுள் இல்லை’ என்று நம் குழந்தையைக் கிளிப்பிள்ளையாக ஒப்பிக்கவைத்தால், நாமும் தெருவிலே மணியடித்துச் செல்பவர்களே! மூன்று வயதுக் குழந்தைக்கு முழக்கம் தேவையில்லை. இருளைக் கண்டு அது அஞ்சும்போது விளக்கை ஏற்றிக் காட்டுவோம். இடியைக் கண்டு நடுங்கும்போது மின்னல் எங்கிருந்து பிறக்கிறது என்று சொல்வோம். கடலோரப் பிள்ளைக்கு நீச்சலும், காற்றின் குறியும், எச்சரிக்கைக் கூண்டின் எண்ணும் கற்பிப்போம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றைச் சொல்லுவோம்: ‘உனக்குத் தீங்கு வந்தால் அது உன் குற்றமன்று. நீ மூழ்கும்போது கயிற்றை நாங்கள் பிடித்திருப்போம். நீ வளர்ந்தபின், மற்றவர் மூழ்கும்போது நீ பிடித்திரு.’

கயிற்றை விடாத கைகளை வளர்ப்பதே நம் கடன்!