சோதனையில் அகப்படாத வலி

காரணம் எளிதில் பிடிபடாத நரம்பு நோய்கள் உடலைத் துன்புறுத்துவதோடு நிற்பதில்லை. ஒருவர் உணரும் வலியை மற்றவர் எவ்வாறு அறிகிறார், அறிய முடியாதபோது அதை இல்லையென்று சொல்ல அவருக்கு உரிமை உண்டா என்னும் பழைய தத்துவக் கேள்வியையும் அவை கூடவே எழுப்புகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கர்நாடக எல்லையில், தேன்கனிக்கோட்டைக் காடுகளை ஒட்டி இருக்கும் ஜவளகிரி போன்ற ஊர்களில் இக்கேள்விக்கு ஒரு நடைமுறை வடிவம் உண்டு. கேழ்வரகுக் காட்டில் குனிந்து வேலை செய்பவருக்கோ, ஓசூர்த் தொழிற்சாலையில் அதிரும் கருவியைப் பிடித்து நிற்பவருக்கோ கைகால் மதமதத்து, இரவில் எரிச்சலும் குடைச்சலும் தொடங்கினால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிளம்பும் வழி ஓசூர் அரசு மருத்துவமனையைக் கடந்து, பல சமயம் பெங்களூரில் 1974இல் உருவான நிம்ஹான்ஸ் என்னும் மனநல, நரம்பியல் நிறுவனம் வரை நீள்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் அப்பகுதியில், 'சுருக்கென்று குத்துகிறது', 'எறும்பு ஊர்கிறது', 'மரத்துப் போகிறது' என்னும் நுண்ணிய வேறுபாடுகள் மருத்துவரின் மேசையை அடையும்போது 'கால் வலி' என்ற இரண்டு சொல்லாகச் சுருங்கிவிடுவதும் உண்டு.

இக்கேள்வியை ஆராய்வதற்கு வேண்டிய கருவிகள் தமிழ்ச் சைவ மரபிலேயே இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் சுபக்கம் என்னும் பகுதி அளவை இயலோடு தொடங்குகிறது. அளவை என்பது ஒரு பொருளைப் பற்றிய அறிவு மெய்யானது என்று உறுதிசெய்யும் வழி. காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் மற்றெல்லா அளவைகளும் அடங்கும் என்பது சைவ சித்தாந்தக் கொள்கை. காண்டலை, அதாவது நேரடிக் காட்சியை, அந்நூல் நான்காகப் பகுக்கிறது: ஐம்பொறிகளின் வழி வரும் இந்திரியக் காட்சி, மனத்தின் வழி வரும் மானதக் காட்சி, உயிர் தன் இன்ப துன்பங்களைத் தானே நுகர்ந்தறியும் தன்வேதனைக் காட்சி, யோகியர்க்கு உரிய யோகக் காட்சி. மருத்துவத்தைப் பொறுத்தவரை இவற்றுள் மூன்றாவதுதான் தலையாயது. வலி என்பது வலிப்பவருக்கு மட்டுமே காட்சி. பக்கத்தில் இருப்பவர், அவர் தாயே ஆனாலும் நரம்பியல் வல்லுநரே ஆனாலும், அதைக் கருதலாலும் உரையாலும் மட்டுமே அறிய முடியும். எம்.ஆர்.ஐ. படத்தில் மருத்துவர் காண்பது முதுகெலும்பின் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதையே அன்றி வலியை அன்று. அத்தகைய பிதுக்கம் இருந்தும் வலியே இல்லாமல் நடமாடுவோர் பலர்.

உரை அளவை நம்பத்தக்கவரின் சொல்லைச் சார்ந்தது. சைவத்தில் அது முதன்மையாக இறைநூலைக் குறித்தாலும், நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர் நம்பத்தக்கவருக்குரிய இலக்கணம் முனிவர், ஆரியர், மிலேச்சர் ஆகிய எல்லோருக்கும் பொது என்கிறார். பொருளை நேரில் அறிந்து, அறிந்தவாறே சொல்ல விரும்புகிறவர் எவரோ அவரே ஆப்தர். இந்த அளவுகோலின்படி எரிகிறது என்று சொல்லும் கூலித் தொழிலாளியே அந்த எரிச்சலைப் பற்றி ஆப்தர் ஆகிறார். ஆனால் அவருடைய அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. வலி இருப்பது பற்றி அவர் தவறமாட்டார். அது எங்கிருந்து வருகிறது என்பது பற்றித் தவறலாம். துண்டிக்கப்பட்ட காலிலேயே வலிப்பதாக உணர்வோர் உண்டு. குதிகாலில் எரிவதன் மூலம் இடுப்பில் இருப்பதும் உண்டு.

மரத்துப்போதல் இதற்கு நேர்மாறானது. வலி தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும். உணர்ச்சியின் இன்மைக்கு அந்த ஆற்றல் இல்லை. சூடான பாத்திரம் பட்டுக் கை வெந்ததை வீட்டார் சொல்லித்தான் நோயாளி அறிகிறார். ஆகவேதான் மருத்துவர் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சாலும் நைலான் இழையாலும் தொட்டு, அதிரும் இசைக்கவையை எலும்பின்மேல் வைத்துச் சோதிக்கிறார். இங்கே நோயாளியின் காட்சி தோற்கும் இடத்தில் பிறர் கருதல் முந்திக்கொள்கிறது. இதன் கொடிய சான்று தொழுநோய். 1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் மீண்டும் மீண்டும் காயப்பட்டே அழிகின்றன என்று காட்டினார். அதிலிருந்து அவர், வலி மனிதனுக்கு இறைவன் தந்த கொடை என்னும் சமய முடிபுக்குச் சென்றார். அம்முடிபு பாதி அளவுக்கே பொருந்தும். காயத்தை அறிவிக்கும் வலி கொடைதான். காயம் எதுவும் இல்லாமலே பழுதான நரம்பு எழுப்பும் வலி எதையும் காப்பதில்லை, அதைக் கொடை என்று நோயாளியிடம் சொல்வது கொடுமை.

சோதனைகள் வெறுமையாக வரும்போது எழும் சிக்கலுக்கு இன்மை அளவை உதவுகிறது. குமாரில பட்டர் வழி வந்த மீமாஞ்சகரும் அத்வைதிகளும் அனுபலப்தி என்றும், சிவஞான சித்தியார் அபாவம் என்றும் குறிக்கும் இது, ஒரு பொருள் காணப்படாமையிலிருந்து அதன் இன்மையை அறிவது. ஆனால் இருந்திருந்தால் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும் என்ற நிலை இருந்தால்தான் அது செல்லும். வெளிச்சத்தில் தரையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை, இருட்டில் தெரியவில்லை என்றால் எதுவும் முடிவாகாது. நரம்புக் கடத்தல் சோதனை அளப்பது தடித்த நரம்பிழைகளின் வேகத்தை. எரிச்சலையும் சூட்டையும் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகள் அதற்கு இருட்டே. மெல்லிய இழைகள் மட்டும் பழுதான நோயாளிக்கு அச்சோதனை முற்றிலும் சரியாகவே வரும். தோலில் சிறு துண்டெடுத்து நரம்பு முனைகளை எண்ணினால்தான் குறை தெரியும். எனவே கடத்தல் சோதனை முடிவின் கீழ் 'நோய் ஒன்றுமில்லை' என்று எழுதுவது அளவை நூல் ஏற்காத முடிபு. இதைவிடப் பரவலான பிழை ஒன்று உண்டு. சர்க்கரை, பி12 குறைவு, தைராய்டு, மது, தொழுநோய் என ஒவ்வொன்றாக விலக்கி எஞ்சியதைக் கொள்வது ஒழிபு என்னும் அளவை; பட்டியல் முழுமையாக இருந்தால்தான் எஞ்சியது மெய்யாகும். பட்டியல் தீர்ந்தவுடன் 'எல்லாம் மனசுதான்' என்று கூறும்போது, தீர்ந்தது நோய்களின் பட்டியல் அன்று, கூறுபவர் அறிந்த பட்டியல்.

மருத்துவர் மனத்தைக் கைகாட்டும் இடத்தில் உறவினர் வினையைக் கைகாட்டுகின்றனர். முன்வினையின் பயனாக இப்பிறவியில் நுகரப்படும் பிராரத்தம் சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது துன்பம் ஏன் உயிருக்கு நேர்கிறது என்பதற்குப் பொதுவான விடையே தவிர, எந்த நரம்பு எதனால் கெட்டது என்பதற்கு விடையன்று. இதற்குக் கிருஷ்ணகிரி மண்ணே சான்று. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அந்நிலப்பரப்பின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஆண்டுக்கணக்கில் அந்நீரைக் குடிப்போரின் எலும்பில் அது படிந்து, முதுகெலும்பின் உட்குழல் குறுகி, தண்டுவடம் நசுங்கி, கால் மரத்து நடை தளரும். இந்நோயை ஷார்ட் என்பவரும் உடன் ஆய்ந்தோரும் 1937இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் கண்டு விவரித்தனர். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஜப்பானியக் கடனுதவியுடன் 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை இவ்விரு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தது இக்காரணத்தாலேயே. ஊரே சுமந்த வினை என்று அதை விட்டிருந்தால் கிணற்று நீரை எவரும் சோதித்திருக்கமாட்டார்.

வினைக் கொள்கையில் உறைப்பாக நின்ற நாவுக்கரசர் வரலாறும் இவ்வாறே படிக்கத்தக்கது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தின்படி, சமண மடத்தில் இருந்த அவரைச் சூலை நோய் பற்றியது. அது வயிற்று வலியே அன்றி நரம்பு நோய் அன்று. உடனிருந்த துறவியர் மந்திரத்தாலும் மயிற்பீலியாலும் தீர்க்க முயன்று கைவிட்டபின், தமக்கை திலகவதியாரிடம் சென்று திருவதிகையில் இறைவன்முன் நிற்கிறார். அங்கே அவர் பாடிய முதற்பதிகத்தில், தாம் செய்த கொடுமைகள் எவை என்று தமக்குத் தெரியாது என்றே தொடங்குகிறார். வினையை மறுக்கவில்லை, அதைத் துருவி ஆராயவும் இல்லை, வலியை நீக்குமாறு கேட்கிறார். காரணம் தெளிந்த பிறகே வலியைத் தணிக்கலாம் என்ற நிபந்தனை அங்கே இல்லை. இன்றைய மருத்துவத்திலும் இல்லை. அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற மருந்துகள் நரம்பு எதனால் பழுதானது என்று தெரியாத நிலையிலும், காரணத்தைத் தேடும் பணி ஒருபுறம் நடந்துகொண்டிருக்கும்போதே, நோயாளிக்குத் தரப்படுகின்றன.