தோல் பதனிடுபவர் வீட்டில் பேதுரு



திருப்பலி முடிந்ததும் வண்டிகளை மந்திரிக்கப்போகிறோம். அதனால் பைக்கில் வந்திருக்கும் தம்பிமாரிடம் முதலில் ஒரு வார்த்தை. உங்களில் பலரிடம் தோல் கிளவுஸ் இருக்கிறது. ஆனால் அது கையில் இல்லை, வண்டிப் பெட்டிக்குள் கிடக்கிறது. கேட்டால், "விறைச்சுப்போச்சு ஃபாதர், கிளட்ச் பிடிக்க வரல" என்கிறீர்கள். சறுக்கி விழுகிறவன் முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கையைத்தானே!

அந்தத் தோல் ஏன் விறைத்தது? ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும். பதனிட்ட தோலுக்கு எண்ணெய் ஏற்றுவார்கள். உள்ளிருக்கும் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நழுவ அந்த எண்ணெய்தான் வழிசெய்கிறது. மழையில் நனைந்த கிளவுஸைச் சுடுவெயிலிலோ சூடான என்ஜின் மேலோ போட்டால் ஈரம் அவசரமாக வெளியேறும், இழைகள் ஒட்டிக்கொள்ளும். தோல் செத்துவிடவில்லை, வறண்டிருக்கிறது. வியர்வை உப்பை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். லானோலினோ தேன்மெழுகோ கலந்த லெதர் கண்டிஷனரை விரலில் தொட்டு மெல்லியதாகத் தேயுங்கள், விரல் இடுக்குகளிலும் தையலோரத்திலும். பிறகு மாட்டிக்கொண்டு கையை மூடித் திறந்து பழக்குங்கள். ஒரு ராத்திரி விட்டு, தேவைப்பட்டால் மறுபடியும் பூசுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் தோல் தொளதொளத்துப்போகும்.

நாமும் இப்படித்தான் விறைக்கிறோம். பாகப்பிரிவினையில் ஒரு சொல், அன்பியக் கூட்டத்தில் ஒரு அவமானம். சூட்டோடு சூடாக ஒரு முடிவெடுத்து, அண்ணன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. மன்னிப்பு என்று ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஆனால் அதுவும் பெட்டிக்குள்தான்.

பேதுருவைப் பாருங்கள். பிற இனத்தார் வீட்டுக்குள் நுழைவதே தகாது என்று வளர்ந்தவர். அவரைக் கடவுள் எங்கே தங்கவைத்தார்? யோப்பாவில், கடலோரத்தில், தோல் பதனிடும் சீமோன் வீட்டில். செத்த விலங்கைத் தொட்டாலே தீட்டு என்ற சமூகத்தில் அது யாரும் விரும்பித் தங்கும் இடமல்ல. இதைத் திருத்தூதர் பணிகள் 9, 10 அதிகாரங்களில் வாசிக்கிறோம். அங்கே பேதுரு ஒருநாள் தங்கிவிட்டுப் போகவில்லை, பல நாள் இருந்தார். அந்த நாற்றத்திலும் அந்த உபசரிப்பிலும் அவர் மனம் எவ்வளவோ இளகியிருக்கும் என்றே நான் நம்புகிறேன். பிறகுதான் மாடியில், நண்பகலில், பசியோடு இருந்தவருக்கு, தீட்டென்று ஒதுக்கிய விலங்குகளைக் கொன்று உண்ணச் சொல்லும் காட்சி வந்தது. அதுவும் ஒரே தடவையில் முடியவில்லை. அவர் மறுத்தார், மூன்று முறை வந்தது. கடவுளுக்கு அவரிடம் அவ்வளவு பொறுமை!

கீழே, செசரியாவிலிருந்த உரோமை நூற்றுவர் தலைவன் கொர்னேலியு அனுப்பிய ஆள்கள் வாசலில் நின்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பேதுரு இறங்கிவந்து அவர்களை உள்ளே அழைத்துத் தங்கவைத்தார். மறுநாள் அவர்களோடு செசரியாவுக்குப் புறப்பட்டார், பிற இனத்தாரான அந்த நூற்றுவர் தலைவன் வீட்டுக்குள் போக.